சபாபதி மில் மாவும் மூன்று எழுத்தும்

என் மில்லில் அரைத்த மாவு எப்படிப் பொங்கும் என்பதைப் பற்றி ஊரில் நிறையக் கதைகள் உண்டு. அவற்றில் பாதியை நான்தான் கிளப்பிவிட்டேன். மீதிப் பாதி நிஜம்.

தொண்ணூற்று மூன்றில் பூக்காரி கிருஷ்ணம்மாள் தன் மாவுக் குண்டானை மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டுப் படுத்தாள். குழவியின் மேல் பூனை படுத்தது. காலையில் மூடி, குழவி, பூனை மூன்றும் பரணில் இருந்தன. பூனைக்குக் காயம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு இட்லியை மட்டும் அது தொடவில்லை.

இப்போது எழுதப் போவது 2004-ல் நடந்தது. இதில் நான் எதையும் கூட்டவில்லை. பஸ்ஸில் நடந்ததை மட்டும் கொஞ்சம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தறி இருக்கிற வீட்டில் கிரைண்டர் வைக்க மாட்டார்கள். இடம் இல்லை என்பது சின்னக் காரணம். ஒரு சொட்டு உளுந்து மாவு தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டுப் பாவில் தெறித்தால் அந்தப் புடவையின் கதை முடிந்தது என்பது பெரிய காரணம். அதனால் ஊறிய அரிசியும் உளுந்தும் பாத்திரத்தில் என் மில்லுக்கு வரும், மாவாகித் திரும்பிப் போகும். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். யார் வீட்டுப் பாத்திரம் என்றைக்கு வருகிறது, யார் பாத்திரம் யார் இடுப்பில் ஏறி வருகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல மாட்டேன். தெரியாததைத்தான் சொல்வேன்.

எதிர்வீட்டு கீர்த்தி அப்போது ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி மூன்றாம் வருஷம். ஒரு நாள் மாவு வாங்க வந்தவள், கையோடு மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றையும் கொண்டு வந்தாள்.

"தாத்தா, இதுல ரெண்டு கரண்டி ஊத்து. காலேஜுக்கு."

"காலேஜுல தோசை சுடறாங்களா?"

"ஆராய்ச்சி தாத்தா! நெஜமான ஆராய்ச்சி. பதினாறு பேரும் அவங்கவங்க வீட்டு மாவு கொண்டாரணும். கலாவதி மேடம் சொல்லிட்டாங்க."

கலாவதி மேடம் சேலத்துக்காரர். அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தார். வந்த முதல் வாரமே பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டை எல்லாம் வாங்கிப் புரட்டிப் பார்த்தாராம். தவளையின் வயிறு, வெங்காயத்தின் செல், போன வருஷத்துப் பிள்ளைகள் வரைந்த அதே படங்கள், அதே அம்புக்குறிகள். "விடை எனக்கே தெரியாத கேள்வியா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கேள்வி இதுதான்: மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா வீட்டுக்கு வீடு வேறா, ஊருக்கே ஒன்றா?

"அது எப்டிம்மா தெரியும்? பூச்சி பேரு சொல்லுமா?"

"சொல்லும் தாத்தா. மாவுல இருக்கறதைத் தட்டுல வளக்கணும். அதுல ஒரு புள்ளியை எடுத்து, உள்ள இருக்கற டி.என்.ஏ.வப் பிரிக்கணும். அதுல ஒரே ஒரு ஜீனை மட்டும் கோடிக்கணக்குல நகல் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பணும். அவங்க எழுத்தா படிச்சு அனுப்புவாங்க. மொத்தம் நாலே எழுத்து. ஏ, டி, ஜி, சி."

நாலு எழுத்தில் ஒரு பூச்சியின் ஜாதகம். நான் எழுபது வருஷம் பேசியும் ஒரு விஷயத்தை நாலு எழுத்தில் முடித்ததில்லை. எனக்கு அந்தப் பூச்சியின் மேல் அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பார்கள். அன்று பாவைச் சுருட்டி எடுத்ததும் அதே இடத்தில் கீர்த்தியும் அவள் வகுப்புப் பையன் தினேஷும் காகிதத்தை நீட்டினார்கள். பிரவுசிங் சென்டரில் பெரிய எழுத்தில் அச்சடித்த, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கிற காகிதம். அதை வரி வரியாக வெட்டி, நீளத்துக்கு ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு வரி, வரிக்கு எழுநூறு எழுத்து, பதினாறு வரி ஒன்றின் கீழ் ஒன்று. காகிதம் கச்சபேசுவரர் கோயில் வரை போனது என்று நான் வெளியூரில் சொல்வதுண்டு. உள்ளபடி என் மில் வாசலிலிருந்து கீர்த்தி வீட்டுக் குழாயடி வரைதான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னாபா டிசைன் இது? நாலு எழுத்துதான் திரும்பத் திரும்ப வருது?" என்றார் ஒரு நெசவாளி.

"பாக்டீரியாவோட டி.என்.ஏ., மாமா" என்றான் தினேஷ்.

"சரி, பார்டர் எங்க?"

"கம்ப்யூட்டரே இதைப் பாத்துச் சொல்லாதாடா?" என்றேன் நான்.

"சொல்லும் தாத்தா. மேடம்தான், மொதல்ல உங்க கண்ணால பாருங்க, அப்புறம் அதைக் கேளுங்கன்னாங்க."

கீர்த்தி முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். விரல் பதினாறு வரியிலும் மேலிருந்து கீழாக இறங்கும், அடுத்த எழுத்துக்குப் போகும், மறுபடி இறங்கும். நூற்று எண்பதைத் தாண்டியதும் விரல் நின்றது. மறுபடி எண்ணினாள். பிறகு மேற்கொண்டு நகர்ந்தாள். நானூற்றுச் சொச்சத்தில் ஒரு முறை நின்றாள், அறுநூற்றுச் சொச்சத்தில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் குழாயடிக் குடம் ஒன்று சரிந்தது.

"டேய் தினேஷ்! பதினொண்ணுடா! மூணு எடத்துலயும் பதினொண்ணு! அதே பதினொண்ணு!"

பதினாறு வீட்டில் ஐந்து வீட்டு மாவு ஆளுக்கொரு விதம். மற்ற பதினொன்றில் அந்த மூன்று இடத்திலும் எழுத்து மாறியிருந்தது, பதினொன்றிலும் ஒரே மாதிரி. இருவரும் ஒரே சைக்கிளில் பிரவுசிங் சென்டருக்குப் பறந்தார்கள். உலகத்தில் இதுவரை படித்த பாக்டீரியா எழுத்தெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற இடம் ஒன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதாம். அதில் கொடுத்துத் தேடினார்கள். கரண்ட் இரண்டு தடவை போனது, லைன் மூன்று தடவை அறுந்தது. திரும்பி வரும்போது கீர்த்திக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது.

"கிட்ட கிட்ட வர்றது நெறைய இருக்குது தாத்தா. ஆனா இந்த மூணும் சேந்து ஒண்ணுலயும் இல்ல. உலகத்துல ஒண்ணுலயும் இல்ல! நம்ம தெரு மாவுலதான் இருக்குது!"

நான் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கை தட்டினேன். தெருவே தட்டியது. எதற்கென்று முழுசாகப் புரியாமல் தட்டினாலும் சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

புதன்கிழமை கீர்த்தி பாத்திரத்தோடு வந்தபோது முகம் செத்திருந்தது.

அவள் துறைத் தலைவர் பேராசிரியர் பாஷ்யம். சின்ன காஞ்சிபுரம். நல்ல மனுஷர், நேர்மையானவர், சிக்கலே அங்கேதான். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையம், கோடை இரண்டு மாசம் தங்கி வேலை பழகக் கீர்த்தியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் அவள் செய்த ஆராய்ச்சி பிழையில்லாதது என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு மார்ச் மாசத்துக்குள் அனுப்ப வேண்டும். பாஷ்யம் சார் அறிக்கையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மூடிவைத்தாராம்.

"பதினொரு ஆத்து மாவுலயும் ஒரே பாக்டீரியான்னா, அது மாவுல இல்லம்மா. உன் கையில இருக்கு. இல்ல, உன் பாட்டில்ல இருக்கு. மொத நாள் எத்தனை பண்ணினே?"

"பதினொண்ணு சார். எங்க தெருப் பக்கத்துது எல்லாம்."

"மறுநாள்?"

"அஞ்சு."

"மொத நாள் ஏதோ அழுக்கு ஒட்டிண்டிருக்கு, பதினொண்ணுலயும் போயிருக்கு. அந்தப் பதினொரு ஆத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்குன்னு காட்டு, கையெழுத்துப் போடறேன். அது வரைக்கும் மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம் என்று கலாவதி மேடமே ஒப்புக்கொண்டாராம். அதுதான் கீர்த்திக்கு இன்னும் வலித்தது. மேடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "பொதுவா என்ன இருக்குது? பட்டியல் போடு."

போட்டார்கள். ரேஷன் அரிசி: பதினொன்றில் நாலு வீடு அதை வாங்குவதே இல்லை. குழாய்த் தண்ணீர்: மற்ற ஐந்து வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். உப்பு, உளுந்து, கரைக்கிற கை, எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என் மில் வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா, ஒரு வீட்டு மாவுக்கும் அடுத்த வீட்டு மாவுக்கும் நடுவுல கல்லக் கழுவுவியா?"

அப்போது வரிசையில் நாலு பேர். முன்னால் பூக்காரி கிருஷ்ணம்மாள், இரண்டு பாத்திரத்தோடு. ஒன்று அவளுடையது. இன்னொன்று வாழையிலை போட்டு மூடியது, வெள்ளிக்கிழமை தவறாமல் வருவது. நாலு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

உண்மை என்னவென்றால், நான் கல்லைக் கழுவுவதில்லை. அதோடு போனாலும் பரவாயில்லை. சாயங்காலம் கடைசி ஈடு முடிந்ததும், சுவர் மாடத்தில் ஒரு மண் சட்டியில் வைத்திருக்கிற புளித்த மாவில் ஒரு கை எடுத்துக் குழவிக்கும் டிரம்முக்கும் பூசிவிட்டு மூடிவைப்பேன். அன்றைய மாவில் ஒரு கை சட்டிக்குப் போகும். முப்பத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டி காலியானதில்லை. சபாபதி மில் மாவு பொங்குகிற ரகசியம் அவ்வளவுதான். என் மனைவிக்கே தெரியாது. மடி பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிற ஊரில் இதைச் சொல்லிவிட்டு மில் நடத்த முடியுமா?

"நல்லாக் கேட்டியே" என்றேன். "ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவுல மூணு கழுவு. மொத கழுவு கொதிக்கற தண்ணி. ரெண்டாவது மஞ்சத் தண்ணி. மூணாவது கல்லுப்பு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு பன்னீர், அது வாசனைக்கு."

கிருஷ்ணம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கீர்த்தி எழுதிக்கொண்டு போனாள்.

பத்து நாள் போனது. கீர்த்தி குளிர்ப்பெட்டியில் இருந்த மாவை எடுத்து மறுபடி செய்தாள். தினேஷ் கையால் ஒரு தடவை, மேடம் கையால் ஒரு தடவை. மூன்று தடவையும் அதே பதினொன்று, அதே மூன்று எழுத்து. "ஒரே ரூம், ஒரே பாட்டில். மூணு பேரும் சேந்து அதே தப்பைப் பண்ணலாம்" என்றுவிட்டார் பாஷ்யம் சார்.

மாவு வாங்க வந்த கீர்த்தி நோட்டை என் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் பாத்திரத்தைக் கொடுக்கப் போனாள். காற்றுக்குப் பக்கம் புரண்டது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன்.

தேதி போட்டிருந்தது. "சபாபதி மாவு மில். வீட்டுக்கு வீடு மூன்று முறை கழுவப்படுகிறது: கொதிநீர், மஞ்சள் நீர், கல்லுப்பு. நேரில் கேட்டது. எனவே மில் காரணமாக இருக்க முடியாது." அந்தக் கடைசி வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. பன்னீரைக்கூட விடவில்லை, ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், நடுவில் எழுந்து போயிருக்கிறார்கள். ஒருத்தரும் தேதி போட்டு எழுதி வைத்ததில்லை. என் வாயிலிருந்து வந்ததை நம்பி ஒரு பெண் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

மறுநாள் மில்லைப் பூட்டிவிட்டு, சட்டியிலிருந்து ஒரு தூக்கு நிறையப் புளித்த மாவை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நடந்தது இது. வெயிலில் மாவு பொங்க ஆரம்பித்தது. முதல் நிறுத்தத்தில் மூடி எழும்பியது. இரண்டாவது நிறுத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஏறியது. கண்டக்டர், "பெரியவரே, இதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்றார். கல்லூரி வாசலில் நான் இறங்குவதற்குள் அது இறங்கிவிட்டது.

துறை அறையில் பாஷ்யம் சார், கலாவதி மேடம், கீர்த்தி, தினேஷ் நாலு பேரும் இருந்தார்கள். மேஜை மேல் அந்த அறிக்கை. நான் தூக்கை வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். சட்டி, மாடம், முப்பத்திரண்டு வருஷம், தினம் ஒரு கை. அறிக்கையில் இருக்கிற பதினொரு வீட்டுப் பெயரைப் படிக்கச் சொன்னேன். பதினொன்றும் என் மில்.

பாஷ்யம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சபாபதி, தொண்ணூத்தி ரெண்டுல நீங்க என்கிட்ட என்ன சொன்னேள்? உங்க குழவிக்கல்லு மாமல்லபுரத்துல யானை செதுக்கி மிஞ்சின கல்லுன்னேள். நான் தொல்லியல் படிச்ச சிநேகிதனை மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன்."

"அவர் நல்லா சாப்ட்டுப் போனார் சார்."

"கல்லு கோயம்புத்தூர்னு அடியிலயே எழுதியிருந்தது. இப்ப இந்தப் பொண்ணுக்காகப் பரிதாபப்பட்டு வந்திருக்கேள். மனசு புரியறது. ஆனா நீங்க சொல்றதை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது."

எழுபது வருஷத்தில் ஒரு தடவை உண்மை சொல்ல நாலு மைல் வந்திருக்கிறேன். அதற்கு இந்த மரியாதை.

கீர்த்தி எழுந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தாள்.

"பொய்யா தாத்தா? மஞ்ச, கல்லுப்பு, பன்னீரு, அவ்ளோவும் பொய்யா? மூணு வாரமாக் கைய சோப்புப் போட்டுத் தேச்சுக்கினு இருக்கேன், தோலே உரிஞ்சி போச்சு!" பாதியில் அவள் குரல் மாறியது. "இரு இரு. அப்டின்னா சரியா வருது! மேடம், சரியா வருது! எல்லா மாவும் ஒரே கல்லு, ஒரே சட்டி. பதினொண்ணும் ஒண்ணாத்தானே இருக்கணும்!"

"சரியா வருதுன்னு தோணுறப்பதான் ரொம்ப உஷாரா இருக்கணும்" என்றார் கலாவதி மேடம். "அவர் அன்னிக்குச் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டது நம்ம தப்பு. கல்லை ஒரு பஞ்சால துடைச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். இன்னிக்குச் சொல்றதையும் நம்ப வேணாம். என்ன செய்யலாம் சொல்லு."

கீர்த்தி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பாஷ்யம் சாரைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"சார், நீங்களே ஆறு வீட்டு மாவு கொண்டாங்க. எந்த வீடுன்னு எங்களுக்குச் சொல்லாதீங்க. குப்பியில நம்பர் மட்டும் போடுங்க. எது மில்லுல அரைச்சது, எது இல்லைன்னு எழுத்தப் படிச்சு நான் சொல்றேன். ஆறுல ஒண்ணு தப்பினாலும் கையெழுத்துக் கேக்க மாட்டேன்."

"ஒண்ணு தப்பினாலுமா?"

"ஒண்ணு தப்பினாலும் சார்."

தினேஷ் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை. பாஷ்யம் சாருக்கு அது பிடித்துவிட்டது. பாடம் எடுக்கிறபோதுகூட அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லையாம்.

அவரே ஸ்கூட்டரில் ஊரெல்லாம் போய் மாவு சேகரித்தார். விவரத்தை எழுதி உறையில் போட்டு அரக்கு வைத்தார். புதுப் பாட்டில், புது அறை, கீர்த்தி செய்யும்போது அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது நாள் அவரே, "இந்தத் தட்டுல நன்னா வளந்திருக்கு பாரு!" என்று கூவினாராம்.

எனக்குக் கீர்த்தி ஒரே ஒரு உத்தரவு போட்டாள். "தாத்தா, ரிசல்ட் வர வரைக்கும் எதையும் மாத்தாத. கழுவாத. திடீர்னு திருந்திடாத."

மார்ச் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. பெங்களூரிலிருந்து மெயில் வந்துவிட்டது என்று தினேஷ் சைக்கிளில் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். துறை அறையில் பதினாறு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். மேஜை நீளத்துக்கு ஆறு வரி காகிதம். மூன்று இடத்தில் ஏற்கனவே பென்சில் கோடு போட்டிருந்தது. கீர்த்தியின் விரல் இறங்கியது. அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு, மில். ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. நாலு, மில். அஞ்சு, இல்ல." ஆறாவது வரியில் விரல் இரண்டு தடவை போய்வந்தது. "ஆறு, மில்."

பாஷ்யம் சார் அரக்கை உடைத்தார். காகிதத்தைப் பிரித்தார். ஒன்றுக்குத் தலையாட்டினார். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு தலையாட்டலுக்கும் பிள்ளைகள் அரை அடி முன்னால் வந்தார்கள். ஆறுக்கு அவர் தலை நின்றது.

"அஞ்சு சரி. ஆறு தப்பு." அவருக்கே வருத்தமாக இருந்தது. "ஆறாவது எங்காத்து மாவும்மா. ஆத்துக்காரி சூடாமணி ஆட்டுக்கல்லுல அரைக்கறா. எங்காத்துல கிரைண்டரே கிடையாது. இருபத்தெட்டு வருஷமா அந்த மாவுதான். சந்தேகமே இல்லாத ஒண்ணு கட்டாயம் வேணும்னுதான் அதை வச்சேன்."

யாரோ ஒரு பிள்ளை "ஐயோ" என்றது. கலாவதி மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கீர்த்தி மட்டும் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி எண்ணினாள். முதல் இடம். இரண்டாவது இடம். மூன்றாவது. நிமிர்ந்து, காகிதத்தில் விரலை வைத்தபடியே பேசினாள்.

"சார், மூணு எழுத்தும் இருக்குது. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்க. இது மில்லு மாவுதான் சார்."

"எங்காத்தைப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். ஆனா எழுத்து இப்டித்தான் இருக்குது. நான் மாத்திச் சொல்ல முடியாது சார்."

நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கை. வாழையிலை மூடிய அந்த வெள்ளிக்கிழமைப் பாத்திரத்தின் விளிம்பில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். பூ கொடுக்கப் போகிற வீட்டிலிருந்துதான் கிருஷ்ணம்மாள் அதை வாங்கி வருவாள். காலையில்கூட அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் பாத்திரத்துக்காரியின் பேரை மில்காரன் வெளியில் சொன்னால் அவன் மில்காரனே இல்லை.

"சபாபதி" என்றார் பாஷ்யம் சார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருஷமா உங்களை எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "ஒரு கேள்விக்கு நீங்க ஒரே வரியில பதில் சொல்லி நான் கேட்டதே இல்ல."

எழுந்து மூலையில் இருந்த போனை எடுத்துச் சுழற்றினார். எங்களுக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"நான்தான்... ஒண்ணுமில்ல. மாவு... ஆமாம், மாவுதான். மாவைப் பத்தித்தான் கேக்கறேன்... எங்க அரைக்கறே?... சூடாமணி, லைன்ல இருக்கியா?"

அவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"எத்தனை வருஷமா?... பதினொண்ணா?... தோள்பட்டையா? எந்தத் தோள்பட்டை?... ஏன் என்கிட்ட சொல்லல?... நானா? நான் எப்போ சொன்னேன்?... ஒவ்வொரு சனிக்கிழமையுமா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆட்டுக்கல்லு மாவோட ருசியே தனின்னு... ஆமாம், சொல்லியிருக்கேன்... சரி. சரி. அழாதே. ஒண்ணும் தப்பில்ல. சாயந்திரம் டாக்டர்கிட்ட போலாம்."

போனை வைத்தார். பிறகு நாற்காலிக்கு வந்து, அறிக்கையை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார்.

"ஆறுக்கு ஆறு" என்றார். "நான் ஒண்ணு தப்பு."

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முத்திரையைத் தேடி எடுத்து அதையும் குத்தினார்.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் அலமாரியில் பூட்டியிருந்த ரெக்கார்டு நோட்டெல்லாம் தானாக வெளியே வந்து விழுந்தன என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். கீர்த்தி மேடத்தைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். தினேஷ் மேஜை மேல் ஏறிவிட்டான். கீர்த்தி என்னிடம் வந்து, "ஒன்னை நான் இன்னும் மன்னிக்கல தாத்தா" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு மில்லைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். சில பாத்திரங்கள் வரவில்லைதான். வந்த புதுப் பாத்திரங்கள் அதைவிட அதிகம். உலகத்திலேயே இல்லாத மாவு என்று கேள்விப்பட்டு வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வாழையிலைப் பாத்திரம் கிருஷ்ணம்மாள் இடுப்பில் வரவில்லை. ஸ்கூட்டரில் வந்தது. பாஷ்யம் சார் வரிசையில் நின்று, முறை வந்ததும் பாத்திரத்தைக் கொடுத்தார். இலை போட்டு மூடவில்லை.

"கல்லைக் கழுவினேளா?" என்றார்.

"இல்ல சார்."

"நல்லது" என்றார்.

கீர்த்தி பெங்களூர் போனாள். போகும்போது அந்தப் பாக்டீரியாவையும் சின்னக் குழாயில் அடைத்துக்கொண்டு போனாள். அங்கே மைனஸ் எண்பது டிகிரியில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். குழாயின் மேல் ஒட்டிய சீட்டில், எங்கிருந்து எடுத்தது என்கிற இடத்தில், "சபாபதி மில், கழுவாத கல்" என்று எழுதியிருக்கிறாள். தேதியும் போட்டிருக்கிறாள்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஒரு உண்மை அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறது. கெட்டுப்போகாது என்று கீர்த்தி சொல்கிறாள். என் மாவைப் பற்றித் தெரிந்தவன் நான். அது என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பரணில் வைக்கும்.